முதலில் பாடவேளையை எண்ணு

சென்னை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. ஆறு முதல் எட்டு வரைக்கான சமூக அறிவியல் பாடத்திட்டக் குழுவில் உன்னைச் சேர்த்திருப்பது மனசுக்கு நிறைவாக இருக்கிறது. இனி பள்ளிக் கல்வித்துறை அலுவலகங்கள் இருக்கும் டிபிஐ வளாகத்துக்கு அடிக்கடி வருவாய், அப்படியே வீட்டுக்கும் வந்துவிடு. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று கேட்டிருந்தாய்.

முதலில் பாடவேளையை எண்ணு. கல்வி உரிமைச் சட்டப்படி இந்த வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 220 வேலை நாள், 1000 மணி நேரம். வாரத்துக்கு 5 பாடவேளை என்றால் 220 வரும். தேர்வுகள், திருப்புதல், நவம்பர் மழை விடுமுறை எல்லாம் போக 170 தேறினால் பெரிது. 24 பாடம் வைத்தால் ஒன்றுக்கு ஏழுதான். ஆளுக்கொரு பாடம் சேர்க்கச் சொல்வார்கள், எடுக்க யாருக்கும் மனசு வராது. கடைசியில் ஆசிரியர் மார்ச்சில் ஓட்டமாய் ஓடுவார். சேர்க்கச் சொல்பவரே எதை எடுப்பது என்றும் சொல்லட்டும். முதல் கூட்டத்திலேயே இதை விதியாக்கிவிடு.

அடுத்து, ஓர் உண்மையைச் சொன்னால் அது எப்படித் தெரிந்தது என்பதற்கும் வேளை ஒதுக்கு. கீழடியையே எடுத்துக்கொள். 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரி மாதிரியை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள், கி.மு. 580 என்று வந்தது. ஆறாம் வகுப்பில் அந்த எண்ணை மட்டும் அச்சடித்தால் பிள்ளை அதை நம்பத்தான் முடியும். நாளை வாட்ஸ்அப்பில் பத்தாயிரம் ஆண்டு என்று வந்தால் அதையும் அப்படியே நம்பும். கரியில் கார்பன்-14 என்ற கதிரியக்கப் பொருள் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்த்துத்தான் வயதைச் சொல்கிறார்கள். அது பாதியாகக் குறைய ஆகும் அரைவாழ்வுக் காலமோ உயர் வகுப்புப் பாடம்.

இதற்குப் புளியங்கொட்டை போதும். 64 கொட்டையை ஒரு பக்கம் மட்டும் வெள்ளை தெரியச் சிமெண்டுத் தரையில் தேய்க்கச் சொல். குலுக்கிப் போட்டு, வெள்ளை மேலே விழுந்ததை ஒதுக்கினால் ஏறக்குறைய 32 மிஞ்சும். அடுத்து 16, 8. ஒவ்வொரு குலுக்கலும் 5730 ஆண்டு. கீழடிக் கரி முதல் குலுக்கலைக்கூடத் தாண்டவில்லை, அதில் கார்பன்-14 இன்னும் சுமார் 73 சதவீதம் இருக்கும். தேய்ப்பது அரைகுறையானால் கொட்டை ஒரே பக்கமாக விழும். ஒரு குழுவுக்கு 29, இன்னொன்றுக்கு 36 என்று வந்தால் பிள்ளைகள் தப்பு என்று பயப்படுவார்கள்; ஐந்து குழுவின் சராசரியைப் போடவேண்டும். இதற்கு ஒரு வேளை, வரைபடத்துக்கு ஒன்று, மண்ணடுக்குக்கு ஒன்று. இந்த மூன்றையும் யார் கேட்டாலும் விட்டுக்கொடுக்காதே.

தெரியாததையும் தெரியாது என்றே எழுதுங்கள். சிந்துவெளி எழுத்து இன்னும் படிக்கப்படவில்லை. படித்துக் காட்டுபவருக்குத் தமிழக அரசு 2025-இல் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. அதுவும் ஒரு பாடம்தான்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம் என்று பொதுவாக எழுதிவிடாதீர்கள். சென்னையின் 1400 மி.மீ. மழையில் பாதிக்கு மேல் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் நடுவில் பெய்கிறது. வேளச்சேரிப் பிள்ளைக்கு வடகிழக்குப் பருவமழையும் பள்ளிக்கரணைச் சதுப்பும் வேண்டும்.

எந்த வகுப்பில் வைக்கிறோம் என்பதும் முக்கியம். எல்லோரும் சேர்ந்து படிப்பது பத்தாம் வகுப்போடு சரி. 2023-இல் மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டி பத்தாம் வகுப்பு அறிவியலிலிருந்து பரிணாமத்தை எடுத்தபோது, பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் இருக்கிறதே என்றார்கள். வணிகவியல் எடுத்தவன் அதை எங்கே படிப்பான்? எல்லோருக்கும் வேண்டியதைப் பத்துக்குள் முடித்துவிடு.

பாடத்தை எழுதுவதற்கு முன்னால், பாட முடிவில் வரும் புக் பேக் கேள்வியை எழுதிவிடுங்கள். "கீழடியின் காலம் என்ன?" என்று ஒரு மார்க் கேள்வி வைத்தால் ஆசிரியர் எண்ணை மட்டும்தான் நடத்துவார், கொட்டைக்கு வேலை இருக்காது. "இரண்டு குலுக்கல் கழிந்த கரியின் வயது என்ன, எப்படிச் சொல்கிறாய்?" என்று கேட்டால் கொட்டை வகுப்புக்குள் வரும்.

வரைவுப் பட்டியல் தயாரானதும் அனுப்பு. பாடவேளைக் கணக்கையும் சேர்த்தே அனுப்பு.

அன்புடன்,
உன் நண்பன்