மன்னிப்பு வேறு, திறப்பு வேறு

ஆசிரியருக்கு,

தவக்காலம் வந்துவிட்டால் கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனைப் பக்கத்துக் கோயில்களில் பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது குருவானவரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதற்கு, வரிசை நீளும். "எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பது போல" என்று நாள்தோறும் செபிக்கிறோம். ஆனால் பங்கின், அதாவது ஊர்க் கோயிலின், பணத்தில் கைவைத்த ஒருவர் மனம் வருந்தி வந்து நின்றால் தடுமாறிப்போகிறோம். சில இடங்களில், மன்னித்தாயிற்றே என்று அடுத்த ஞாயிறே உண்டியல் திறப்பைக் கொடுத்துவிடுகிறார்கள். வேறு இடங்களில், மன்னித்ததாகச் சொல்லிக்கொண்டே சாகும்வரை அவரைக் கடைசி வாங்கில் உட்கார்த்தி வைக்கிறார்கள். மன்னிப்பையும் மறுவாய்ப்பையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வரும் வினை இது.

மன்னிப்புக்கு எண்ணிக்கை கிடையாது. மத்தேயு நற்செய்தி 18ஆம் அதிகாரத்தில், ஏழு தடவை மன்னித்தால் போதுமா என்று சீடர் பேதுரு கேட்டதற்கு இயேசு சொன்ன உவமையில், அரசன் தன் வேலைக்காரன் ஒருவனுக்குத் தள்ளுபடி செய்த கடன் 10,000 தாலந்து. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு நாட்கூலி. கடன் நீங்கி வெளியே வந்தவன் சக வேலைக்காரனின் கழுத்தை நெரித்துக் கேட்டது 100 தெனாரியம். பிரசங்கங்களில் இதைச் சில்லறைக் காசு என்று சொல்லிவிடுகிறார்கள். சில்லறை இல்லை. புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் ஒருவருக்கு அது மூன்று மாதத்துக்கு மேலான உழைப்பு. நமக்கு நேர்ந்த தீமை அற்பமானது என்று இயேசு சொல்லவே இல்லை. காயப்பட்டவரிடம் போய் "இதெல்லாம் பெரிய விசயமா, மன்னித்துவிடு" என்று நெருக்குகிறவர்கள் அந்த 100 தெனாரியத்தை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதே அதிகாரத்தில் படிமுறையும் இருக்கிறது. தீமை செய்தவரிடம் முதலில் தனியே போய்ப் பேசு. கேட்காவிட்டால் ஒருவரையோ இருவரையோ கூட்டிப் போ. அதற்கும் மசியாவிட்டால் சபையிடம் சொல். நாம் வட்ஸ்அப் குழுவில், அதாவது மூன்றாம் படியில், தொடங்குகிறோம். ஊருக்கே தெரிந்தபின் அந்த மனிதர் உண்மையைச் சொல்ல ஏன் வரப்போகிறார்?

மறுவாய்ப்புக்குக் கணக்கு வேண்டும். பாவமன்னிப்புப் பெற்றாலும் திருடியதைத் திருப்பிக் கொடுக்கும் கடமை நீங்காது என்பது கத்தோலிக்க மறைக்கல்வி. வெளியே வர அஞ்சுகிறவர் குருவானவர் மூலமாகவே பணத்தைச் சேர்ப்பிக்கலாம். பாவசங்கீர்த்தன இரகசியத்தை அவர் எவரிடமும் வெளியிட முடியாது. விசயம் வெளியே தெரிந்துவிட்டதென்றால் தொகை எழுத்தில் வரவேண்டும். "ஏதோ கொஞ்சம் எடுத்துவிட்டேன்" என்பது ஒப்புதல் ஆகாது. பற்றுச்சீட்டுப் புத்தகத்தையும் வங்கிக் கணக்கையும் பக்கத்தில் வைத்து மாதம் மாதமாகப் பார்த்து, இவ்வளவு ரூபா என்று முடித்துக் கையெழுத்து வாங்குங்கள். பிறகு தவணை. அவர் வீட்டு அடுப்பு எரிய மிச்சம் இருக்கும்படி போடுங்கள். பெரிதாகப் போட்டால் மூன்றாம் மாதம் தவணை நிற்கும், அதோடு அவர் கோயிலுக்கு வருவதும் நிற்கும்.

அதுவரை திருநாள் பந்தல், பாடகர் குழு, நோயாளர் சந்திப்பு என்று பணம் புழங்காத வேலையைக் கொடுங்கள். உண்டியலுக்கு இரண்டு பூட்டு, இரண்டு பேரிடம் திறப்பு, எண்ணும்போது மூன்று பேர் என்பதை எல்லாருக்கும் பொதுவான முறையாக வையுங்கள். அவருக்காக மட்டும் வைத்தால் அது தண்டனையாகிவிடும்.

சில திறப்புகளைத் திரும்பக் கொடுக்கவே கூடாது. பிள்ளைகளுக்குத் தீங்கு செய்தவர் எவ்வளவு அழுதாலும் மறைக்கல்வி வகுப்புக்குள் அவருக்கு இடமில்லை. அதைப் பங்குக்குள் பேசி முடிக்கவும் கூடாது; சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அறிவிக்க வேண்டும். மன்னிப்பு நீதியை நிறுத்திவைப்பதில்லை. 1981 மே 13 அன்று தம்மைச் சுட்டவரைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1983 டிசம்பரில் சிறைக்கே போய்ச் சந்தித்தார். மன்னிக்கப்பட்ட பின்னும் அந்த மனிதர் 2000ஆம் ஆண்டுவரை இத்தாலியச் சிறையில்தான் இருந்தார். 2019 ஏப்ரல் 21இல் கொச்சிக்கடைக் கோயில் குண்டுவெடிப்பில் உறவுகளைப் பறிகொடுத்தவர்களிடம், மன்னித்தபின் விசாரணை எதற்கு என்று கேட்பது கொடுமை.

மறுவாய்ப்பைப் பாதிக்கப்பட்டவரேதான் கொடுக்க வேண்டும் என்பதும் இல்லை. நற்செய்தி சொல்லப் போன பயணத்தின் நடுவில் விட்டுப்போன மாற்குவை மறுபடி கூட்டிப் போகத் திருத்தூதர் பவுல் மறுத்துவிட்டார். கூட்டிப் போனவர் பவுலின் உடனூழியர் பர்னபா. பிற்காலத்தில் அதே பவுல், மாற்கு தமக்குப் பயனுள்ளவர், அழைத்து வா என்று தம் சீடர் திமொத்தேயுவுக்கு எழுதினார். இடையில் பர்னபா என்று ஒருவர் இருந்ததால் அந்த வரி எழுதப்பட்டது.

வெலிக்கடைச் சிறையிலிருந்து வெளியே வருகிறவருக்கும் அப்படி ஒருவர் தேவை. வேலை கேட்டுப் போனால் கிராம உத்தியோகத்தரின் நற்சான்றிதழ், பொலிஸ் அறிக்கை என்று கேட்கிறார்கள். அந்த இடத்திலேயே கதவு மூடிவிடுகிறது. கொழும்பில் கடையோ பட்டறையோ களஞ்சியமோ நடத்தும் கிறிஸ்தவர்கள், காசாளர் மேசைக்கு அப்பால் இறக்குவது, அடுக்குவது, பொதி கட்டுவது போன்ற வேலைகளில் ஓர் இடத்தை இவர்களுக்கென்று ஒதுக்க வேண்டும். முதல் மாதச் சம்பளத்தை வாரவாரமாகக் கொடுங்கள், பஸ் காசுக்கும் சாப்பாட்டுக்கும் அவர் மறுபடி கடன் வாங்கப் போகாதபடி.

பங்கு வாசகர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13