பிரேக்கை மாற்றினேன், எழுதிக்கொள்ள ஆளில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் வாசகர் பக்கத்தில் ஒருவர், மாற்றியமைத்த வண்டி எதுவாக இருந்தாலும் பறிமுதல் செய்து நசுக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். அவருடைய கோபம் புரிகிறது. சனி, ஞாயிறு இரவுகளில் இ.சி.ஆர். பக்கம் சைலன்சரைக் கழற்றிவிட்டு அலறவிடும் பிள்ளைகளின் வண்டியை நசுக்குவதில் எனக்கும் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் 'எதுவாக இருந்தாலும்' என்று அவர் எழுதியதில் என் வீட்டுக் காரும் மாட்டிக்கொள்கிறது.

நான் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை. புதுச்சேரி ரெயின்போ நகரில் குடியிருக்கிறேன். வீட்டில் நிற்பது 1992-ஆம் வருடத்து வெள்ளை கான்டெசா. என் கணவர் 1998-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். அவர் இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதைக் குளிப்பாட்டுவார். ஆமாம், குளிப்பாட்டுவார், கழுவ மாட்டார். 2019-ல் அவர் போனபிறகு வண்டி ஷெட்டிலேயே நின்றது. விற்கச் சொல்லாத உறவினர் இல்லை. 15 வருடம் கடந்த காரின் ஆர்.சி.யை, அதாவது பதிவுச் சான்றிதழை, புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக ஏறியது. நான் அந்த வருடம் மே மாதம் போய் 5,000 கட்டினேன். ஓடாத வண்டிக்கு ஏன் கட்டினாய் என்று தங்கை கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

அப்புறம் 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல். மழையில் ரெயின்போ நகர் என்ன ஆகும் என்று புதுச்சேரிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலையில் ஷெட்டைத் திறந்தால் கான்டெசாவின் சீட் வரை தண்ணீர். நீர் வடிந்தபிறகு அரியாங்குப்பத்திலிருந்து மெக்கானிக் தம்பி வந்தார். என் கணவர் காலத்திலிருந்து இந்த வண்டியைத் தொட்டவர் அவர் ஒருவர்தான். பின் ஆக்சில் ஆயிலை ஒரு தட்டில் இறக்கிக் காட்டினார். ஆயிலும் தண்ணீரும் கலந்து மோர் மாதிரி இருந்தது. "டீச்சர், ஒண்ணு முழுசா பிரிச்சுப் பண்ணணும், இல்ல எடைக்குப் போடணும். ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணும் கிடையாது" என்றார். பிரிக்கச் சொன்னேன்.

இந்த இடத்தில் என் தங்கை மகன் உள்ளே வந்தான். இன்ஜினீயரிங் கல்லூரி மூன்றாம் வருடம். "பெரியம்மா, இது இந்தியாவோட மசில் கார்னு சொல்வாங்க, தெரியுமா?" என்றான். மசில் கார் என்றால் என்ன என்று கேட்டேன். செல்போனில் அமெரிக்கக் கார்களாகக் காட்டினான். நடுத்தர உடம்புக்குள் பெரிய எட்டு சிலிண்டர் எஞ்சினை வைத்து 1960-களில் விற்றார்களாம். தமிழில் பயில்வான் கார் என்று வைத்துக்கொள்ளலாம். நீண்ட பானெட்டும் அகன்ற பின்பக்கமுமாக கான்டெசாவும் பார்க்க அந்த ஜாடைதான். ஜாடை மட்டும்தான். 1984-ல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் இதைக் கொண்டுவந்தபோது, இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் விக்டருடைய உடம்புக்குள் உட்கார்ந்திருந்தது அம்பாசடரின் 1,489 சி.சி. எஞ்சின். சுமார் 50 குதிரைத்திறன். பயில்வான் உடம்புக்கு நோஞ்சான் நெஞ்சு. ஜப்பானின் இசுசு 1.8 லிட்டர் எஞ்சினும் ஐந்து கியரும் பிறகுதான் வந்தன. எங்கள் வண்டி அந்த வகை, 1,817 சி.சி., 88 குதிரைத்திறன். 2002-ல் கான்டெசா உற்பத்தியே நின்றுபோனது.

பையனுக்கு 88 போதவில்லை. டொயோட்டாவின் 3 லிட்டர் டர்போ எஞ்சினைப் போடலாம், யாரோ போட்டிருக்கிறார்கள் என்றான். அமெரிக்காவிலும் பழைய பயில்வான்களைப் பிரித்து, நவீன எஞ்சின், எரிபொருள் இஞ்செக்ஷன், ரேடியல் டயர், டிஸ்க் பிரேக் எல்லாம் போட்டுப் புதுப்பிக்கிறார்கள். அதற்கு ரெஸ்டோமாட் என்று பெயர். அவன் காட்டிய வண்டிகளில் ஒன்று 1964-ஆம் வருடத்து போன்டியாக் ஜி.டி.ஓ. 6.4 லிட்டர், 325 குதிரைத்திறன். (அந்தக் காலத்தில் எஞ்சினைத் தனியே மேடையில் வைத்து அளந்த கணக்கு அது. காரில் ஏற்றி, சைலன்சரும் ஆல்டர்னேட்டரும் மாட்டியபின் அதில் ஒரு பகுதிக் குதிரைகள் லாயத்திலேயே நின்றுவிடும்.) எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறொன்று. அவ்வளவு பலம் கொண்ட அந்தக் காரில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். ஓடுவதற்கு யோசித்தவர்கள் நிற்பதற்கு யோசிக்கவில்லை.

பையனிடம் இதைச் சொன்னபோது சிரித்தான். மரப்பாலத்தில் சிரிப்பு நின்றது.

எஞ்சின் கிளம்பியதும் ஒரு ஞாயிறு காலை அரியாங்குப்பத்திலிருந்து வண்டியை வீட்டுக்கு ஓட்டிவந்தோம். மெக்கானிக் தம்பி ஓட்ட, நான் பக்கத்தில், பையன் பின்னால். முருங்கப்பாக்கம் தாண்டி மரப்பாலம் சந்திப்பில் சிக்னல் விழுந்தது. தம்பி மிதித்த பெடல் மெதுவாக, குழைந்த சோற்றில் கை இறங்குகிற மாதிரி, அடிவரை போய்விட்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரைக் குறைத்து, முன்னால் நின்ற ஷேர் ஆட்டோவுக்கு ஒரு முழம் இருக்கும்போது நிறுத்தினார். ஆட்டோவில் இரண்டு சின்னப் பிள்ளைகள். நெடுநேரம் யாரும் பேசவில்லை. பிறகு தம்பிதான் சொன்னார்: "எஞ்சின் ஓடலைன்னா வண்டி வீட்ல நிக்கும் டீச்சர். பிரேக் பிடிக்கலைன்னா எங்க போய் நிக்கும்னு தெரியாது."

பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் உள்ளே துருவேறி ரப்பர் கிழிந்திருந்தது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிவிட்டால் அந்தக் கணக்கு 140-க்கு இறங்கிவிடும். கொதித்துவிட்டால் மிதிக்கும்போது குமிழிதான் அழுந்தும், பிரேக் பிடிக்காது. கடற்கரை ஊரில் ஐந்து வருடம் நின்ற வண்டி, அதன்மேல் வெள்ளம் வேறு. ஆயிலை மாற்றச் சொல்லியிருக்க வேண்டும் என்பது இயற்பியல் படித்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது என் தப்பு.

அன்று சாயங்காலம் பையனைக் கூப்பிட்டு ஒரு கணக்கு போடச் சொன்னேன். வண்டி எடை 1,200 கிலோ என்று வைத்துக்கொள். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. நிறுத்தினால் அந்த இயக்க ஆற்றல் எங்கே போகும்? பிரேக்கில் சூடாகப் போகும். ஏறக்குறைய 3 லட்சம் ஜூல். நம் வீட்டுக் குழாயில் வரும் 30 டிகிரித் தண்ணீர் ஒரு லிட்டரைக் கொதிக்கும் பதத்துக்குக் கொண்டுவருகிற சூடு அது. சில நொடிகளில் அத்தனையையும் சக்கரங்களுக்குள் தள்ளுகிறோம். உன் டர்போ எஞ்சினைப் போட்டு 120-ல் போனால் இரண்டேகால் லிட்டர். வேகம் ஒன்றரை மடங்கு, சூடு இரண்டேகால் மடங்கு. டிரம்மோ மூடிய பானை. சூடானால் விரிந்து, உள்ளிருந்து அதை அழுத்திப் பிடிக்கிற ஷூவை விட்டு விலகும், பெடலை இன்னும் ஆழமாக மிதிக்க வேண்டும். மழையில் உள்ளே தண்ணீர் புகுந்தால் காயும்வரை சரியாகப் பிடிக்காது. டிஸ்க் திறந்த தட்டு. சூடானாலும் அதை இரண்டு பக்கமும் கவ்வுகிற பேட் பக்கம்தான் தடிக்கும், தண்ணீரைச் சுழற்றி வெளியே எறிந்துவிடும். நவம்பரில் நம் ஊர்ச் சாலைகளில் ஓட்டுகிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

எனவே எஞ்சினை மாற்றவில்லை. அதே இசுசுவுக்குப் புது பிஸ்டன் ரிங், கேஸ்கட் போட்டு, பிளாட்டினம் பாயிண்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் வைத்தோம். வைத்திருந்த பணமெல்லாம் பிரேக்குக்குப் போனது. சென்னை புதுப்பேட்டையில் ஒரு நவீன காரின் காற்றோட்ட டிஸ்க்கும், பேடை அழுத்துகிற கேலிப்பரும் வாங்கி, லேத்தில் பிராக்கெட் கடைந்து முன் சக்கரங்களுக்கு மாட்டினார் தம்பி. புது மாஸ்டர் சிலிண்டர், புது பூஸ்டர், நான்கு ரேடியல் டயர். பின் சீட்டுக்கும் பெல்ட். கூலியோடு 61,000 ரூபாய். அவர் அளந்து அளந்து வேலை செய்ததை நான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். இருந்தாலும் அந்த பிராக்கெட் பத்து வருடம் தாங்குமா என்று சொல்ல நானும் தகுதியானவள் இல்லை, அவரும் இல்லை. அதைச் சோதித்துச் சொல்லத்தான் அரசாங்கத்தில் ஆள் இருக்கிறார்களே என்று நினைத்தேன்.

நம் மக்கள் மோட்டார் வாகன ஆய்வாளரைப் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் இன்றுவரை சொல்கிறார்கள். அப்படி ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். எந்த ஊர் அலுவலகம் என்பது முக்கியமில்லை. அவர் மரியாதையாகத்தான் பேசினார். சேசிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுத்தார்கள், விளக்குகளைப் போட்டுப் பார்த்தார்கள். நானாகவே, "சார், முன் பிரேக்கை மாற்றியிருக்கிறேன், சோதித்து ஆர்.சி.யில் எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டார். "இதை ஏம்மா சொல்றீங்க? வெளியில தெரியிற மாற்றம் இல்லை. நீங்க சொல்லாம இருந்தா நான் கேட்டிருக்கவே மாட்டேன். சொல்லிட்டீங்க, இப்ப நான் என்ன எழுதுறது?"

நான் பயந்தது அந்த வார்த்தைகளுக்குத்தான். மறைத்தவருக்குச் சிக்கல் இல்லை, சொன்னவருக்குச் சிக்கல்.

வீட்டுக்கு வந்து சட்டத்தைப் படித்தேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து ஆர்.சி.யின் விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சரி, நல்ல சட்டம்தான். டர்போ எஞ்சின் ஆசைக்கு அது போடும் பூட்டை நானே வரவேற்கிறேன். ஆனால் அதே பிரிவின் விளக்கத்தில், மாற்றம் என்றால் வண்டியின் அடிப்படை அம்சம் மாறும்படி அதன் அமைப்பை மாற்றுவது என்று இருக்கிறது. பிரேக்கைத் தேற்றுவது அதில் வருமா, வராதா? நான் கேட்டவர்களில் ஒருவர் வரும் என்றார், ஒருவர் வராது என்றார், இன்னொருவர் போட்டோகாப்பி எடுத்து வரச் சொன்னார்.

விண்டேஜ் கார்களுக்கு 2021-ல் தனி விதி வந்தது. வி.ஏ. என்று எழுத்து போட்ட நம்பர் பிளேட் தருகிறார்கள். அதற்கு முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்திருக்க வேண்டும். என் கான்டெசாவுக்கு அந்தத் தகுதி 2042-ல் வரும், எனக்கு அப்போது வயது 80. அப்போதும் அதைக் கண்காட்சி, பேரணி மாதிரியானவற்றுக்குத்தான் ஓட்டலாம், தினசரி ஓட்ட முடியாது. ஆக, புதிய காரும் இல்லை, புராதனக் காரும் இல்லை, நடுவில் நிற்கிற வயசு. ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் பழைய மாணவி சொன்னாள், அங்கே 30 வருடம் ஆன காருக்கே தனி நம்பர் பிளேட் உண்டாம். யாராவது பிரேக்கையோ சஸ்பென்ஷனையோ மாற்றினால் அங்கீகாரம் பெற்ற பொறியாளர் சோதித்து வண்டிக் காகிதத்தில் பதிந்துவிடுகிறாராம். மாற்றியவர் மறைக்க வேண்டிய அவசியமே வருவதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2023-லிருந்து பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து விற்கத் தொடங்கி, இப்போது எந்தப் பெட்ரோல் பங்க்கிலும் அதுதான். புதிய கார்களின் ரப்பரை அதற்கேற்ப மாற்றிவிட்டார்கள். 1992-ஆம் வருடத்து ஹோஸும் பெட்ரோல் பம்ப் டயஃப்ரமும் அதைத் தாங்கச் செய்தவை இல்லை. எங்கள் வண்டியில் ஒரு ஹோஸ் ஊறி, தொட்டால் கறுப்பாகக் கையில் ஒட்டியது. சூடான எஞ்சினுக்குப் பக்கத்தில் பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும்? எல்லா ஹோஸையும் மாற்றினேன். பெட்ரோலை அரசே மாற்றலாம், அதைத் தாங்கும் ஹோஸை நான் மாற்றினால் அதுவும் 'மாற்றியமைத்த வண்டி' என்று உங்கள் வாசகர் சொல்வாரா?

போக்குவரத்துத் துறையிடம் நான் கேட்பது சலுகை இல்லை, சோதனை. ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு பிடிக்கிறது என்று தனித்தனியே அளக்கும் ரோலர் பிரேக் கருவி தானியங்கிச் சோதனை நிலையங்களில் இருக்கிறது. வண்டியை அதில் ஏற்றுங்கள். லேத்தில் கடைந்த பிராக்கெட்டை ஒரு பொறியாளர் பார்க்கட்டும். சரியில்லை என்றால் எழுத்தில் கொடுங்கள், கழற்றிவிடுகிறேன். சரியென்றால் ஆர்.சி.யில் ஒரு வரி எழுதுங்கள். கட்டணம் எவ்வளவு வைத்தாலும் வரிசையில் நின்று கட்டுவேன். சைலன்சரைக் கழற்றியவனையும் பிரேக்கைத் தேற்றியவரையும் ஒரே சொல்லால் கூப்பிடாதிருக்க அந்த ஒரு வரி போதும்.

என் ஆர்.சி. 2027 மே மாதம் மறுபடி புதுப்பிக்க வர வேண்டும். அதே பிரேக் இன்ஸ்பெக்டர் இருந்தாலும் சரி, வேறு ஒருவர் வந்தாலும் சரி, அன்றும் நான் வாயைத் திறந்து சொல்லத்தான் போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
ரெயின்போ நகர், புதுச்சேரி.