ராமநாதபுரக் கடலோரத்தில் கோல்ஃப் திடல் போட நினைப்போருக்கு ஒரு திறந்த மடல்

கடலோரத்தில் நிலம் வாங்கி ரிசார்ட்டும் கோல்ஃப் திடலும் போட எண்ணுவோருக்கும், அதற்கு அனுமதி வழங்கும் அலுவலர்களுக்கும்,

வணக்கம். புல் வளர்ப்பதும் திடல் பராமரிப்பதும் எங்கள் தொழில். அமெரிக்காவின் பேர்பெற்ற கோல்ஃப் திடலைக் காட்டி 'அகஸ்டா மாதிரி வேணும்' என்போரிடம் நாங்கள் முதலில் கேட்பது, தண்ணீர் எங்கே என்பதைத்தான்.

ஒரு சதுர மீட்டருக்கு 1 மி.மீ. தண்ணீர் என்றால் 1 லிட்டர். கோடையில் புல் நாளொன்றுக்குச் சுமார் 5 மி.மீ. குடிக்கும், கச்சான் காற்று அடித்தால் இன்னும் கூடும். 18 குழித் திடலில் 20 ஹெக்டேர் புல் என்று வைத்தாலும் தினம் 10 லட்சம் லிட்டர் ஆகிறது. 12,000 லிட்டர் லாரியில் எண்பது நடைக்கு மேல். குடிநீருக்கே காவிரியை எதிர்பார்க்கும் மாவட்டம் இது. போர் போடலாம் என்றால், கடலோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லியதாக மிதந்து கிடக்கிறது. மோட்டாரை வைத்து இழுத்தால் கீழே இருக்கும் உப்பு மேலேறி, பக்கத்து ஊர் ஊற்றும் கெடும். உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் ரிசார்ட்டுகள் நிலத்தடி நீரை எடுக்கக் கூடாது என்று விதி இருப்பது சும்மா இல்லை.

அகஸ்டா கடலிலிருந்து தள்ளி உள்நாட்டில் இருக்கிறது. 1933-ல் திறந்த தனியார் கிளப். ஏப்ரலில் மாஸ்டர்ஸ் போட்டியின்போது டிவியில் தெரியும் அந்தப் பச்சை, இலையுதிர் காலத்தில் மேலே விதை தூவி வளர்த்த, குளிருக்கேற்ற ரை புல். கோடையில் திடலையே மூடிவிடுகிறார்கள். அதை இங்கே வருஷம் முழுக்கக் கேட்பது நடக்காத காரியம்.

கடலோர மணலுக்கு ஒப்பிட வேண்டியது ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய திடலை. ஆனால் அதன் புல்லைப் பார்க்காதீர்கள். குளிரிலும் தூறலிலும் மெதுவாக வளரும் ஃபெஸ்க்யூ, பென்ட் வகை அது, இந்த வெயிலில் கருகிவிடும். அதன் சிக்கனத்தைப் பாருங்கள். மேடுபள்ளம் பெரும்பாலும் காற்றும் மணலும் போட்டவை. போகும் வழிக் குழியும் திரும்பும் வழிக் குழியும் ஒரே கிரீனில் (குழியைச் சுற்றிக் குட்டையாக வெட்டிய புல்தரை): 18 குழிகளில் 14, ஏழு இரட்டைக் கிரீன்களைப் பங்கு போடுகின்றன. அப்படிச் சேரும் இரண்டு குழிகளின் எண்களைக் கூட்டினால் 18 வரும். ஞாயிற்றுக்கிழமை பொதுவாக ஆட்டம் கிடையாது, ஊர்மக்கள் காலாற நடக்கிறார்கள். முதல் குழிக்கும் 18-க்கும் குறுக்கே பொதுப் பாதையே போகிறது. பெயரைக் கடன் வாங்குவோர் இந்தப் பாதையையும் சேர்த்து வாங்கட்டும். இங்கே கரைவலை இழுப்பவரும் மீன் காய வைப்பவரும் வேலி சுற்றிக் கடலுக்குப் போக வேண்டியதில்லை.

அப்படியானால் என்ன போடலாம்? 9 குழி போதும். குழிக்கு இரண்டு டீ (முதல் அடி அடிக்கும் இடம்) வைத்தால் இரண்டாம் சுற்றில் தூரமும் கோணமும் மாறும். புல் கிரீனில் மட்டும். கிரீனுக்கு 300 சதுர மீட்டர், ஒன்பதுக்கும் 2,700. தினம் 13,500 லிட்டர். கழிவுநீரைச் சுத்திகரித்தே ரிசார்ட் இதைக் கொடுத்துவிடலாம். புல், கடலோர பாஸ்பாலம். அமெரிக்காவின் கியாவா தீவில் 2012, 2021 பிஜிஏ சாம்பியன்ஷிப் என்னும் பெரிய கோல்ஃப் போட்டிகள் இந்தப் புல்லில்தான் நடந்தன. உப்பைத் தாங்கும் என்பதற்காகக் கடல்நீரை அப்படியே விட்டுவிடாதீர்கள். வேர் பிடிக்கும்வரை நல்ல தண்ணீர் வேண்டும். பிறகும் அவ்வப்போது கூடுதலாகப் பாய்ச்சி, வேரடியில் சேரும் உப்பைக் கீழே தள்ள வேண்டும். அதற்கு வடிகால் தேவை: 10 செ.மீ. ஜல்லி, அதன்மேல் 30 செ.மீ. மணல். அந்த மணலில் குறைந்தது 60 சதவீதம் கால் மி.மீ. முதல் 1 மி.மீ. பருமனில் இருக்க வேண்டும். தேரியை வெட்டி அள்ளிப் போட முடியாது, மணல்மேடுகளுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. கண்மாயோரக் களிமண்ணில் நேரே நட்டால் சோடியம் ஏறி மண் இறுகும்; தண்ணீர் மேலேயே நிற்கும். பிறகு ஜிப்சம் போட்டு மாளாது.

டீக்கும் கிரீனுக்கும் இடையிலுள்ள ஃபேர்வேயை இருக்கிற மணலாகவே விடலாம். ஆஸ்திரேலியாவின் கூபர் பீடியில் ஆளுக்கொரு துண்டு விரிப்பைக் கையில் கொண்டுபோய், அதன்மேல் பந்தை வைத்து அடிக்கிறார்கள். (சீமைக்கருவேலத்துக்குள் விழுந்த பந்தை மறந்துவிடுவது நல்லது. அந்த முள் ஷூவையும் துளைக்கும்.)

புல்லே வேண்டாம், நம் சிறு ஊர்த் திடல்களில் உள்ளதுபோல் கிரீனுக்குப் பதில் 'பிரவுன்' போடுவோம் என்பாரும் உண்டு. இறுக்கிய தரையில் ஒரு விரல் கனத்துக்கு நைஸ் மணல். ஆடி முடித்ததும் குழியிலிருந்து வெளிப்பக்கமாகச் சுற்றி இழுத்துச் சமன் செய்ய வேண்டும். உள்நாட்டில் நல்ல ஏற்பாடு, எங்களுக்கும் பிடிக்கும். கடலோரத்தில் காற்று மணலை வாரிவிடும். அதைத் தடுக்கப் பழைய எஞ்சின் ஆயிலைக் கலப்பார்கள். ஐப்பசி மழையில் அது எங்கே போகும்? மன்னார் வளைகுடாவுக்கு, பவளப்பாறை இருக்கும் தண்ணீருக்கு. இதற்கு மட்டும் அனுமதி தராதீர்கள்.

விண்ணப்பத்தோடு மூன்று தாள்கள் கேளுங்கள். மே மாதமும் ஜனவரியும் எடுத்த தண்ணீர்ப் பரிசோதனை, உப்பளவும் சோடியம் விகிதமும் தனித்தனியாக. கிரீன் வாரியாகத் தினசரி லிட்டர் கணக்கு. ஊரிலிருந்து கரைக்குப் போகும் பாதைகளைக் குறித்த வரைபடம். ஒன்று குறைந்தாலும் கோப்பைத் திருப்பி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
திடல் பராமரிப்பாளர்கள் சிலர்