வயலில் கிடைக்கும் கல்மரத் துண்டுகளை ஒப்படைக்க வழிசெய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
அறிவியல் ஆசிரியர்,
வானூர் வட்டம், விழுப்புரம் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
விழுப்புரம்.

பொருள்: திருவக்கரைப் பகுதியில் தேசியக் கல்மரப் பூங்காவுக்கு வெளியே கிடைக்கும் கல்மரத் (மரம் கல்லாக மாறிய புதைபடிவம்) துண்டுகள் – கிராம அளவில் பெற்றுக்கொள்ள ஏற்பாடு வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு துண்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். பார்வைக்கு விறகுச் சிராய், தூக்கினால் கல் கனம். இரும்பு ஆணியால் அழுத்திக் கீறிப் பார்த்தோம், கோடு விழவில்லை. அப்பாவின் வரப்பில் கிடந்ததாம். “எரிமலைச் சாம்பல்ல புதைஞ்ச மரம் கல்லாகும்னு படிச்சேன். அப்போ நம்ம ஊர்ல எரிமலை இருந்துச்சா சார்?” என்று கேட்டான்.

நல்ல கேள்வி. அமெரிக்காவின் அரிசோனாவில் நடந்தது கிட்டத்தட்ட அதுதான்; ஆற்று வண்டலோடு எரிமலைச் சாம்பலும் சேர்ந்து மரங்களை மூடியது. சாம்பலில் இருந்த சிலிக்கா (மணலிலும் இருக்கும் கனிமப் பொருள்) நிலத்தடி நீரில் கரைந்து, புதைந்த மரத்துக்குள் ஊறி, செல் செல்லாகப் படிந்தது. ஆனால் நம் திருவக்கரையில் மரங்களை மூடியது ஆற்று மணல். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் அடித்துவந்த மரங்கள் இவை. கிளையும் வேரும் இல்லாமல் அடிமரம் மட்டும் கிடப்பதே அதற்குச் சாட்சி. காற்றுப் படாததால் மட்கவில்லை. அப்புறம் சிலிக்கா நீர் ஊறி, மரத்தின் ரேகைகூட மாறாமல் கல்லாகிவிட்டது.

பூங்காவுக்குள் இருப்பவை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. என் கவலை வெளியே கிடப்பவற்றைப் பற்றி. உழும்போது தட்டுப்படுவதைச் சாதாரணக் கல் என்று வரப்பில் போட்டுவிடுகிறார்கள். விவரம் தெரிந்தவர்களோ, கொண்டுபோய்க் கொடுத்தால் வழக்கு வருமோ என்று பயப்படுகிறார்கள். எந்த இடத்தில், எந்த மண்ணில் கிடந்தது என்ற விவரம் போய்விட்டால், ஆய்வாளருக்கு அந்தத் துண்டின் பாதிப் பயன் போய்விடும்.

எனவே, கிராம நிர்வாக அலுவலர் அலுவலகத்தில் இத்துண்டுகளைப் பெற்று, சர்வே எண்ணைக் குறித்து, ரசீது கொடுக்க உத்தரவிட வேண்டுகிறேன். தானாக முன்வந்து ஒப்படைப்பவர்மீது நடவடிக்கை இருக்காது என்பதைத் ஒலிபெருக்கி மூலம் அறிவிக்கவும் வேண்டுகிறேன். கல்மரம் உருவான விதத்தை ஒரு பக்கத்தில் எளிய தமிழில் அச்சிட்டு வட்டத்தின் பள்ளிகளுக்கு அனுப்பினால் பிள்ளைகளே காவலாக இருப்பார்கள். அதை எழுதித் தர நான் தயார்.

மாணவன் கொண்டுவந்த துண்டு, சர்வே எண் எழுதிய சீட்டோடு பள்ளி பீரோவில் பத்திரமாக இருக்கிறது. அதை யாரிடம் ஒப்படைப்பது என்று தெரிவிக்கப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அறிவியல் ஆசிரியர்