ஸ்பீக்கரில் உறுமல் கேட்கிறதா? கேபிள் வாங்குவதற்கு முன் இதைப் படியுங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "ஸ்பீக்கரில் ஒரே இரைச்சல், நல்ல கேபிளாக ஒன்று கொடுங்கள்" என்று கேட்டுத்தான் நிறையப் பேர் எங்களிடம் வருகிறீர்கள். கேபிள் விற்பது எங்கள் பிழைப்பு, எடுத்துக் கொடுப்பதில் எங்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் பெரும்பாலும் அந்தச் சத்தத்துக்கும் கேபிளின் விலைக்கும் சம்பந்தமே இருக்காது, மாட்டிப் பார்த்துவிட்டு அதே உறுமலோடு திரும்பி வருவீர்கள். அதனால்தான் இந்த மடல்.

முதலில், சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஸ்பீக்கரில் இல்லாமல் ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கித் தரும் ஆம்ப்ளிஃபையர்) பெட்டிக்குள்ளிருந்தே லேசாக ரீங்காரம் கேட்டால் அது உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் அதிர்வு, எந்தக் கேபிளாலும் அதைத் தீர்க்க முடியாது. ஸ்பீக்கரில்தான் என்றால், வால்யூமை முழுக்கக் குறைத்துவிட்டு ஆம்பின் பின்னால் செருகியிருக்கும் எல்லா ஆடியோ கேபிள்களையும் (ஸ்பீக்கர் வயரைத் தவிர) கழற்றுங்கள் (குறைக்காமல் கழற்றினால் 'டப்' என்று ஒரு அடி விழும், ஸ்பீக்கருக்கு நல்லதல்ல). ஒன்றுமே செருகாதபோதும் உறுமினால் கோளாறு ஆம்பிலேயே, பழைய ஆம்ப் என்றால் உள்ளே கரண்டைச் சீராக்கும் பவர் சப்ளை கப்பாசிட்டர்கள் காலாவதியாகி இருக்கலாம். அமைதியாகிவிட்டதா? சரி, இப்போது ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகுங்கள், எதைச் செருகும்போது உறுமல் வருகிறதோ அதுதான் ஆள்.

அப்படிப் பிடிபடுவது அநேகமாக கிரவுண்ட் லூப்பாகத்தான், அதாவது எர்த் வளையமாகத்தான் இருக்கும். ஆம்புக்கு மூன்று பின் பிளக், கம்ப்யூட்டருக்கும் மூன்று பின் பிளக், இரண்டும் சுவர் வழியாக எர்த்தில் சேர்கின்றன. நடுவில் நீங்கள் போட்ட ஆர்சிஏ கேபிளின் (பாட்டைக் கொண்டுபோகும் சாதாரண ஆடியோ கேபிள்) வெளிவலையும் இரண்டு பெட்டிகளையும் இணைத்துவிடுவதால் எர்த் ஒரு வளையமாகிவிடுகிறது, அதில் கொஞ்சம் மின்சாரம் ஓடும். அந்த வலைதான் பாட்டு சிக்னலுக்கும் திரும்பிப் போகும் பாதை என்பதால் ஆம்ப் அதையும் பாட்டு என்றே நினைத்துப் பெரிதாக்கித் தரும். லைன் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்றால் உறுமலும் 50, 100 என்று அடித்தொண்டையில் கேட்கும். டிவி இருக்கும் வீடுகளில் கேபிள் டிவி வயரும் இந்த வேலையைச் செய்யும், ஏனென்றால் அது வெளியே வேறொரு இடத்தில் எர்த் ஆகியிருக்கும். அந்த வயரைத் திருகிக் கழற்றியதும் சப்வூஃபர் (அடித்தொண்டைச் சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கர்) வாயை மூடிக்கொண்டால் சந்தேகமே வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகிப் பாருங்கள், செலவில்லாத வைத்தியம், பல வீடுகளில் இதுவே போதும். லேப்டாப் என்றால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், 'கிர்ர்' நின்றால் சார்ஜர் வழியாகத்தான் வந்திருக்கிறது. இரண்டு பெட்டியிலும் ஆப்டிகல் துளை இருந்தால் ஆப்டிகல் கேபிள் போடுங்கள். அதில் போவது வெறும் வெளிச்சம், லூப்புக்கு வழியே இல்லை. அது இல்லாவிட்டால் ஆடியோ லைனில் போடும் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (வயர் தொடர்பை அறுத்துவிட்டுப் பாட்டை மட்டும் விடும் சின்னப் பெட்டி) இருக்கிறது, ஆனால் மலிவானது பாஸை, அதாவது அடித்தொண்டைச் சத்தத்தை, கொஞ்சம் தின்றுவிடும்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். எர்த் பின்னை உடைத்தால் உறுமல் நின்றுவிடும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். நிற்கும்தான். நாளைக்கு அந்தப் பெட்டிக்குள் ஒரு வயர் உரசினால் இரும்பு உடம்பு முழுக்க கரண்ட் ஏறி நிற்கும், ஆர்சிஏ கேபிள் வழியாக அடுத்த பெட்டிக்கும் போகும், தொடப்போவது நீங்கள் அல்லது உங்கள் பிள்ளை. இந்த விஷயத்தில் நாங்கள் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டோம்.

ரெக்கார்ட் பிளேயர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சிடி பிளேயர் 2 வோல்ட் வரை தரும், ரெக்கார்ட் ஊசியிலிருந்து வருவதோ சில மில்லிவோல்ட்தான், அதை ஆம்ப் பல நூறு மடங்கு பெருக்குகிறது, கூடவே வரும் உறுமலையும். ஆர்சிஏ ஜோடியோடு தொங்கும் அந்த மெல்லிய தனி வயரை 'கிரவுண்ட்' திருகில் மாட்டியிருக்கிறீர்களா? பிளேயரை ஆம்பின் தலைமேல் ஏற்றி வைப்பதும் வேண்டாம்.

மற்றவை சின்ன விஷயங்கள். வால்யூம் குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் உள்ளே தூசி, கான்டாக்ட் கிளீனர் என்ற ஸ்ப்ரேயை அடித்தால் போய்விடும். 'உஸ்ஸ்' என்று இருந்தால் போனில் அல்லது கம்ப்யூட்டரில் வால்யூமை ஏற்றி ஆம்பில் குறையுங்கள். விளக்கின் டிம்மரை (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்) போட்டால் மட்டும் வருகிறதென்றால் குற்றவாளி விளக்கு. கேபிளை ஆட்டும்போது சத்தம் மாறினால்தான் கேபிள் போய்விட்டது என்று அர்த்தம், அப்போது வாங்க வாருங்கள், சாதாரணக் கேபிளே போதும்.

இத்தனைக்கும் பிறகு தீரவில்லை என்றால் ஆம்பைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். எல்லாப் பெட்டிகளின் பின்பக்கத்தையும் வயர்களோடு போட்டோ எடுத்து, எதைக் கழற்றினால் சத்தம் நிற்கிறது என்பதையும் குறித்துக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.

இப்படிக்கு,
உங்கள் ஆடியோ கடை