மீண்டும் நடக்கிறேன்: தாங்கிப் பிடித்தவர்களுக்கு நன்றி

தென்னாப்பிரிக்கா, டர்பனின் சாட்ஸ்வொர்த் சொந்தங்களுக்கும் கோயில் அன்பர்களுக்கும் வணக்கம்.

என் இடது கால் மறுபடி எனக்குக் கீழ்ப்படிகிறது. தடியை வைத்துவிட்டேன். இவ்வளவு சீக்கிரம் இது நடக்கும் என்று வீட்டில் யாரும் எதிர்பார்க்கவில்லை.

பக்கவாதம் என்றுதான் முதலில் பயந்தோம். ஸ்கேனில் எதுவும் தெரியாததால், "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று ஓரிடத்தில் அனுப்பிவிட்டார்கள். கால் தரையில் இழுபடும்போது அந்த வார்த்தையைக் கேட்பது கொடுமை.

முதல் நன்றி, நோயைக் கண்டறிந்த டர்பன் நரம்பியல் மருத்துவருக்கு. என்னைப் படுக்கவைத்து, இடது குதிகாலைக் கட்டிலில் அழுத்தச் சொன்னார். வலுவே இல்லை. வலது காலைத் தம் கைக்கு எதிராகத் தூக்கச் சொன்னார். உடனே இடது குதிகால் தானாகப் பலமாக அழுத்தியது! சார்லஸ் ஹூவர் என்ற அமெரிக்க மருத்துவர் 1908இல் விவரித்த சோதனையாம். என் கணவரையும் அழைத்து மறுபடி செய்து காட்டினார். "இது செயல்சார் நரம்பியல் கோளாறு. காலில் வலு இருக்கிறது. நீங்கள் நினைக்கும்போது மூளையால் அதை இயக்க முடியவில்லை. நீங்கள் நடிக்கவில்லை" என்றார். என் சிகிச்சை அந்தக் கட்டிலிலேயே தொடங்கிவிட்டது என்று நம்புகிறேன்.

அடுத்து, பிசியோதெரபி தந்த ஜூலு சகோதரிக்கு. காலையே கவனித்து நடந்தால் கால் பூட்டிக்கொள்ளும். கவனம் விலகினால் அசையும். அதனால் பின்னோக்கி நடக்கவைத்தார், பந்து பிடிக்கவைத்தார், பாடவும் சொன்னார். காவடிச்சிந்து மெட்டில் பாடினேன். மொழி தெரியாமலே அவர் கைதட்டித் தாளம் போட்டார். பாட்டு முடிந்தபோது அறையின் மறுகோடியில் நின்றேன்.

எல்லாருக்கும் இப்படி அமையும் என்று சொல்லமாட்டேன். பிரிட்டனில் 2024இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட, இத்தகைய சிறப்புப் பிசியோதெரபி பெற்றவர்களில் அதிகம் பேர் தேறியதாக உணர்ந்தார்கள்; ஆனால் உடல் இயக்க மதிப்பெண்ணில் பெரிய வேறுபாடு இல்லை. ஆயினும் மருத்துவர்களே, சோதனையில் கண்டதை நோயாளிக்கும் காட்டுங்கள். "ஒன்றுமில்லை" என்று கைவிடாதீர்கள்.

நான் ஏறி அமரும்வரை பொறுமையாக நின்ற டாக்ஸி ஓட்டுநர் அண்ணனுக்கும், சமைத்துக் கொடுத்தனுப்பிய அக்காமார்களுக்கும், ஒரு நாளும் என்னைச் சந்தேகிக்காத என் கணவருக்கும் நன்றி.

இதே நோயோடு வீட்டுக்குள் முடங்கியிருப்பவர்கள் கோயில் அலுவலகத்தில் சொல்லி வையுங்கள். நானே வந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சகோதரி