இட்லிப்பூ வேலி கருகுகிறது என்றாயே

கோயம்புத்தூர்,
வைகாசிக் கடைசி

அன்புள்ள சண்முகம்,

கடிதமும் போட்டோக்களும் வந்து சேர்ந்தன. ரிட்டயர் ஆனதும் முதல் காரியமாக மதில் ஓரம் 24 இட்லிப்பூச் செடி வைத்திருக்கிறாய். ஒரு மாதத்தில் பாதிச்செடி கருகி இலை கொட்டுகிறது என்று நர்சரிக்காரனைத் திட்டித் தீர்த்திருக்கிறாய். அவனை அப்புறம் திட்டிக்கொள்ளலாம்.

எந்த இலை கொட்டுகிறது என்று முதலில் பார். அடி இலை மட்டும் பழுத்து உதிர்ந்தால் பயமில்லை. நர்சரியில் மாதக்கணக்காக ஒரே இடத்தில் கிடக்கும் பையிலிருந்து வேர் ஓட்டை வழியாகத் தரைக்குள் இறங்கியிருக்கும். வண்டியில் ஏற்ற வெடுக்கென்று தூக்கும்போது அந்த வேர் அறுந்து அங்கேயே தங்கிவிடும். மிச்ச வேரால் அத்தனை இலைக்கும் தண்ணீர் கொடுக்க முடியாது. கொழுந்தே கருகினால்தான் கவலைப்பட வேண்டும். தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, பிடுங்கி எறிந்துவிடாதே.

போன வருஷம் எனக்கும் இதே கூத்து. காலையும் மாலையும் தண்ணீர் விட்டேன். மண் சொதசொத என்றுதான் இருந்தது, செடியோ காய்ந்துகொண்டே போனது. பொறுக்காமல் ஒன்றைத் தோண்டி எடுத்தேன். நர்சரியின் செம்மண் கட்டி அப்படியே செங்கல் மாதிரி இருந்தது. உடைத்தால் உள்ளே புழுதி! விட்ட தண்ணீரெல்லாம் சுற்றியிருந்த பொலபொல மண்ணில் இறங்கிப் போயிருக்கிறது. இன்னொரு செடியில் கறுப்புப் பையையே கழற்றவில்லை. அடியை மட்டும் கீறிவிட்டுக் குழியில் இறக்கியிருக்கிறார் வேலைக்கு வந்தவர். பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தவன் நான்தான்.

அதனால் நீயும் மோசமான செடி ஒன்றைத் தோண்டிப் பார். கட்டி காய்ந்திருந்தால் மற்ற செடிகளுக்கெல்லாம் மெல்லிய கம்பியால் கட்டியில் நாலைந்து துளை போட்டு, குழாயைச் சொட்டவிட்டு மெதுவாக ஊறவை. வேர் கறுத்து நாற்றமடித்தால் நேர்மாறு, தண்ணீரை நிறுத்து.

போகிற போக்கில் 'குழிக்கு ஒரு கைப்பிடி டிஏபி உரம் போட்டேன்' என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும்தான் எனக்குப் பகீர் என்றது. உன் படத்தில் இலையின் ஓரமும் நுனியும்தான் கருகியிருக்கின்றன. அது உரத்தின் உப்பு சுட்ட அடையாளம். உங்கள் போர்வெல் தண்ணீரும் உப்பு என்பாய். ஒட்டியிருக்கும் உரத்தை வழித்தெடுத்துவிட்டு, நல்ல தண்ணீர் கிடைத்தால் ரெண்டு தரம் நிறைய விடு. புதுத் துளிர் வரும்வரை எந்த உரமும் வேண்டாம். மேற்கு வெயிலில் மதில் வேறு கொதிக்கும். கொஞ்ச நாளைக்குப் பச்சை வலை கட்டு, அடியில் சருகு போடு.

கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது வேறு சங்கதி. மதில் கட்டிய சிமென்ட், சுண்ணாம்புக் கழிவு அங்கேயே புதைந்திருக்கும். அந்த மண்ணில் இட்லிப்பூவுக்கு இரும்புச்சத்து எட்டாது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து, சாயங்காலமாக இலையில் தெளி.

பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான், என் தொட்டிச் செடி ஒன்றிலும் இலை மிஞ்சவில்லை. அதற்கு வைத்தியம் கிடையாது.

தோண்டிப் பார்த்துவிட்டு வேரைப் படம் எடுத்து அனுப்பு. முழங்கால் வலியோடு நீ குனியாதே, பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடு.

உன்
வேலு